உடைப்பில் கிடந்த தளபதி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் பதில் இல்லை. திருட்டிலிருந்து வந்தது. திருடிய பொருளை ஒருவர் என் வீட்டுக்கே வந்து அடையாளம் காட்டிவிட்டுப் போன பிறகு, வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் ஒரு புத்தகம் எழுதினேன். சீனப் புரட்சியின் படைத்தளபதி ஒருவரின் வாழ்க்கை வரலாறு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இந்தக் கதையில் அவருக்கு ஹான் யூஷெங் என்று பெயர் வைத்திருக்கிறேன். தேடிப் பார்க்காதீர்கள், பெயர் என் கற்பனைதான்; புத்தகத்திலிருந்து காட்டும் வரிகளிலும் அதையே போட்டிருக்கிறேன். புத்தகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை, யாராவது வாங்கிவிடுவீர்களோ என்று பயம். [இந்த வாக்கியத்தில் ஒரு சின்னப் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.]

தஞ்சாவூரில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் நண்பர் ஃபாஜில்தான் எழுதச் சொன்னார். "நீங்கதான் காலேஜ் நாள்லேர்ந்து சீனா சீனான்னு பேசிக்கிட்டிருக்கீங்க. எழுதிக் குடுங்களேன்" என்றார். பேசிக்கொண்டிருந்தது உண்மைதான். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக உட்கார்ந்துகொண்டு, டீ நேரத்தில் நிலப்பிரபுத்துவத்தை ஒழித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரத்தநாட்டுப் பக்கம் ஊரில் எங்கள் பதினெட்டு ஏக்கர் அப்படியே இருந்தது.

எனக்குச் சீனம் தெரியாது. கையில் இருந்தது ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம். அதில் தளபதியின் போர்களெல்லாம் நாள்வாரியாக இருந்தன. பிள்ளைப்பருவத்துக்கு மட்டும் ஒரே வரி: ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார், முதல் பன்னிரண்டு வருடங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தை நான் நிரப்பினேன். திருட்டு நடந்தது அங்கேதான்.

2

முதல் அத்தியாயத்தை எத்தனை விதமாக ஆரம்பித்தேன் என்று காட்டுகிறேன். பழைய நோட்டில் அப்படியே இருக்கிறது.

'பனி மூடிய மலைகளுக்கு நடுவே, மேகங்கள் வந்து இளைப்பாறும் சிற்றூர் ஒன்றில்'

விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் நிலம் தோசைக்கல் மாதிரி கிடக்கும். ஆற்றுப் பாலத்தில் ஏறி நின்றால்தான் கொஞ்சம் உயரம். மலையைப் பற்றி எழுத நான் யார்?

'ஹான் யூஷெங் பிறந்த அன்று வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அவருடைய தாய்'

தாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதையும் விட்டேன்.

'பசி என்பது'

இதைப் பற்றி எனக்கு அதைவிடக் கம்மியாகத் தெரியும்.

இப்படியே ஒரு மாதம் போனது. சம்பா நடவு பார்க்க ஒரு நாள் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர் ரெத்தினம், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா எங்களிடம் பண்ணையாளாக இருந்தார். ரெத்தினமும் சிறுவயதில் எங்கள் மாடுகளை மேய்த்தவர்தான். இப்போது அவருக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது. மகள் சுடர்விழி மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆனாலும் என்னை இன்னும் 'சின்னய்யா' என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னதில்லை.

வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். "ரெத்தினம், உங்க சின்ன வயசுல நடந்தது ஏதாச்சும் சொல்லுங்களேன். எழுதத் தேவைப்படுது."

"உங்களுக்குத் தெரியாததுங்களா சின்னய்யா" என்று சிரித்தார். பிறகு அவரே சொன்னார்.

"அந்த வருசம் ஐப்பசி மழ புடிச்சி ஊத்துது. நட்டு இருவது நாளுப் பயிரு. மேலக்கட்டு வாய்க்காக் கர ஒடச்சிக்கிச்சி. சரியா ஒரு ஆளு படுக்குற அகலம். சாக்கு இல்ல. மண்ண வெட்டிப் போட்டா நிக்கல, தண்ணி அடிச்சிக்கிட்டுப் போவுது. பெரியய்யா கரையில நின்னுக்கிட்டு, 'டேய், அந்தப் பயலப் படுக்கப் போடுங்கடா'ன்னாங்க. எனக்குப் பதினோரு வயசு. எங்கப்பாதான் தூக்கிப் போட்டாரு. தல மட்டும் மேல, ஒடம்பு பூரா தண்ணியில. முதுவுக்குப் பின்னால தென்ன மட்டையும் களிமண்ணுமா வச்சி அணைச்சாங்க. மத்தியானம் படுத்தவன் பொழுது சாயத்தான் ஏந்திரிச்சேன். இந்தக் காது அன்னையோட போச்சி."

இடது காதைத் தொட்டுக் காட்டினார். பெரியய்யா என்று அவர் சொன்னது என் அப்பா துரைராசுவை.

"அழுதீங்களா?" என்று கேட்டேன். எழுதுகிறவன் புத்தி அது.

"பின்ன? பதினோரு வயசுப் பய அழுவாம இருப்பானா? ஆனா அத எழுதாதீங்க."

(அடிக்குறிப்பு: எழுதாதீர்கள் என்று அவர் சொன்னதை இதோ எழுதிவிட்டேன். இது முதல் துரோகம் இல்லை என்பதால் கை கூசவில்லை. கூசியிருக்கவேண்டும்.)

3

மறுநாள் காலையில் அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது. புத்தகத்திலிருந்து அப்படியே தருகிறேன்:

'ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. நிலப்பிரபுவும் செய்வதறியாமல் கரையில் நின்றார். பதினொரு வயது ஹான் யூஷெங் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஓடிச் சென்று உடைப்பில் தன் உடலைக் கிடத்தினான். அவன் முதுகுக்குப் பின்னால் தென்னை மட்டைகளையும் களிமண்ணையும் வைத்து அணைத்தார்கள். பொழுது சாயும்வரை அந்தச் சின்ன முதுகு வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தியது. பிற்காலத்தில் ஒரு பெரும் படையையே தடுத்து நிறுத்தப்போகும் முதுகு அது.'

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்தேன். அவ்வளவு திருப்தி.

நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்கியிருக்கும். தூக்கிப் போட்டதை ஓடிப்போய்ப் படுத்ததாக மாற்றினேன். படுக்கப் போடச் சொன்ன ஆளின் வாயை மூடிவிட்டேன். புத்தகம் முழுக்கச் சீன நிலப்பிரபுக்களை 'கொழுத்தான்', 'பிடுங்கினான்' என்று ஏசியவன், இந்த ஒருவரை மட்டும் 'நின்றார்' என்று மரியாதையாக விட்டிருக்கிறேன்.

மற்ற அத்தியாயங்களில் இந்தக் கோளாறு இல்லை. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் போகும் ஹான், ஒரு யுத்தப் பிரபுவின் படையில் சமையல்காரனுக்கு எடுபிடியாகச் சேர்கிறார். பிறகு துப்பாக்கி பிடிக்கிறார். முப்பது வயதில், கூலிக்குச் சண்டை போட்டது போதும் என்று தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு செம்படைக்குப் போய்விடுகிறார். வெடிகுண்டில் இடது கை விரல்கள் இரண்டு போகின்றன. பெரும் பின்வாங்கலில் பனிமலை ஏறும்போது, தனக்குக் கொடுத்த குதிரையில் காயம்பட்டவர்களை ஏற்றிவிட்டு நடந்தே வருகிறார். சதுப்பு நிலத்தில் ஆட்கள் கண்ணெதிரே புதைகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் தோல் பட்டையை வேகவைத்துத் தின்று நடக்கிறார்கள். பிறகு வெற்றி, பதக்கங்கள், தலைநகரில் வீடு. அதன்பிறகு கட்சிக்குள் காற்று மாறுகிறது. எழுபது வயதில் அவர் கழுத்தில் பலகையை மாட்டி மேடையில் நிறுத்துகிறார்கள்.

புத்தகம் நன்றாகப் போனது. கூட்டங்களில் எல்லோரும் முதல் அத்தியாயத்தைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். ஒரு கூட்டத்தில் தொண்ணூறு வயது அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நானும் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன்.

4

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சுடர்விழி தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கையில் என் புத்தகம் இருந்தது. அப்பா கூடத்தில் ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

"ரெத்தினம் மகங்க. சுடர்விழி."

"நம்ம ரெத்தினமா? அட, வா வா. உக்காரு." நாற்காலியைக் காட்டினார்.

(அடிக்குறிப்பு: இந்தப் பெண்ணின் தாத்தா எங்கள் ஊர் வீட்டு வாசற்படியைத் தாண்டியதே கிடையாது. நாற்காலியில் உட்காரும்போது சுடர்விழிக்கு அது ஞாபகம் வந்ததா தெரியாது. எனக்கு வந்தது.)

"கையில என்ன, தம்பி எழுதுன புக்கா? படிச்சியா?"

"படிச்சேங்க."

"மொத சேப்டர் படிச்சியா? பதினோரு வயசுப் பய, தானாப் போயி ஒடப்புல படுத்தான் பாரு! என்னா நெஞ்சழுத்தம்! அப்பறம் அவன் ஏன் தளபதி ஆவ மாட்டான்?"

சுடர்விழி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஆமாங்க. நல்ல தைரியம்" என்றார் சுடர்விழி. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். நான் கேட் வரைக்கும் கூடப் போனேன்.

"சார், ஒரு சந்தேகம். தளபதியோட ஊர்ல குளிர்காலத்துல முழங்கால் அளவு பனி கொட்டும்னு நீங்களே பின்னால எழுதிருக்கீங்க. அங்க தென்ன மட்ட எங்கேர்ந்து வந்துச்சி?"

நெல் விளைகிற இடமென்றால் கரையில் தென்னை நிற்கும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பிறவியிலேயே வந்த நினைப்பு. ஒன்றை எழுதினால் மற்றது கூடவே வந்துவிடுகிறது. ஃபாஜில் இரண்டு தடவை மெய்ப்பு பார்த்தார், அவருக்கு உறைக்கவில்லை. வாசகர் வட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, எல்லோரும் தஞ்சாவூர்க்காரர்கள்.

"எங்கப்பாவத்தான எழுதிருக்கீங்க?"

"ஆமா."

"எங்கப்பா தானாப் போயி படுக்கலயே சார்."

நான் கேட்டின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"ரெண்டாம் பதிப்பு வருதுன்னு ஃபேஸ்புக்ல போட்டிருந்தீங்க. ரெண்டுல ஒன்னு செய்ங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க, யாரு படுக்கப் போடச் சொன்னாங்கங்கறதையும் சேத்து. இல்லன்னா அந்த எடத்த எடுத்துடுங்க. சீனாக்காரருக்கு எங்கப்பா காது எதுக்கு?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5

முதல் வரைவில் சுடர்விழியை அழவைத்திருந்தேன். புத்தகத்தை என் காலடியில் வீசிவிட்டுப் போவதாக எழுதியிருந்தேன். [முழுப் பக்கமும் அடித்தாகிவிட்டது.] அவர் அழுதால் நான் ஆறுதல் சொல்லலாம், வீசினால் நான் குனிந்து எடுத்துக்கொள்ளலாம், இரண்டிலும் எனக்கு ஒரு நல்ல வேஷம் கிடைக்கும். உண்மையில் அவர் மாணவனின் கணக்கைத் திருத்துகிற குரலில்தான் பேசினார். அவர் போன பிறகு, கட்சிக்காரர்கள் யாராவது தூண்டிவிட்டிருப்பார்களோ என்றுகூட அரை நாள் யோசித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்து அப்பா. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா? தொண்ணூற்றிரண்டு வயது. காலையில் மாத்திரை போட்டதை மத்தியானம் மறந்துவிடுகிறார். மறந்திருப்பார் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். எனக்குச் சௌகரியமான தீர்மானம் அது. மறந்துபோன மனிதரிடம் எதையும் கேட்கவேண்டியதில்லை.

தளபதியின் கடைசிக் காலத்துக்கு வருகிறேன். அடைத்து வைத்த அறையில் அவரைச் சுயவிமர்சனம் எழுதச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுப்பார், ஆழம் போதவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். பத்தொன்பது தடவை எழுதினார், அத்தனையும் செய்யாத குற்றங்கள். இதை வாசித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது, பதினோரு பக்கம் ஆவேசமாக எழுதித் தள்ளினேன். செய்யாததை அவர் பத்தொன்பது தடவை எழுதினார். செய்ததை ஒரு தடவை எழுத எனக்கு வரவில்லை.

6

இரண்டாம் பதிப்புக்கான பக்கங்களைக் கேட்டு ஃபாஜில் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். ஊருக்குப் போனேன். ரெத்தினம் வாய்க்கால் மதகுப் பக்கம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்கிற காது இருக்கும் பக்கமாகப் போய் நின்றேன்.

"பாப்பா வீட்டுக்கு வந்துச்சாமே. சொல்லிச்சி. ஒன்னும் மனசுல வச்சிக்காதீங்க சின்னய்யா."

"நான் வச்சிக்க என்ன இருக்கு? நடந்தபடியே எழுதிடட்டுமா ரெத்தினம்?"

மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிக் கழுவினார்.

"எழுதுனா எங்கப்பாவும் வருவாருல்ல?"

"வருவாரு."

"தூக்கிப் போட்டது அவருன்னு வரும்."

"ஆமா."

"வேண்டாங்க. செத்துப்போன மனுசன். அன்னைக்கி மாட்டேன்னு சொல்லிட்டு அவரு எங்க போயி நிக்கிறது? அன்னைய நெலம அது. படிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? பெத்த அப்பனே போட்டானேன்னுதான் சொல்லுவான். சாவுற வரைக்கும் அவரு என் மூஞ்சப் பாத்துப் பேசுனதில்லங்க. சீனாக்காரன் தானாவே படுத்ததா இருக்கட்டும். எங்கப்பாவ விட்டுருங்க."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கோ தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. விடுதலை கொடுத்துவிட்டார், இனி அப்பாவின் பெயரை எழுதவேண்டியதில்லை! பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் கிட்டத்தட்டச் சந்தோஷமாக நடந்தேன். இந்தக் கதையில் எதற்காக அதிகம் கூசுகிறேன் என்று கேட்டால், அந்தச் சந்தோஷத்துக்காகத்தான். அவர் தன் அப்பாவுக்காகக் கெஞ்சினார். நான் அதை என் அப்பாவுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். ஹான் யூஷெங் பன்னிரண்டு வயதில்தான் பிறக்கிறார். சுடர்விழி சொன்ன இரண்டில் ஒன்று நடக்கும், என் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. சுலபமான முடிவு, அதனாலேயே பிடிக்கவில்லை.

இரண்டு: நடந்தபடி எழுதுகிறேன். மகளுக்கு நியாயம், அப்பனுக்கு

மூன்றாவதாக, அப்பாவிடம் சொல்லிவிடுவது. புத்தகத்தில் எழுதாவிட்டாலும், நேரில் சொல்லிவிட்டேன் என்று சுடர்விழியிடம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? மூன்று நாளைக்கு முன்பு, காலைப் பலகாரம் முடிந்ததும், ஈசிச்சேருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, மொத சேப்டர்ல வர்ற பையன் சீனாக்காரன் இல்ல. நம்ம ரெத்தினம்."

அப்பா பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்தார்.

"தெரியும்."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"படிச்ச அன்னைக்கே தெரியும்டா. மேலக்கட்டு வாய்க்கா எனக்கு மறக்குமா? எத்தன வருசம் அத நெனச்சிக்கிட்டுக் கெடந்திருக்கேன். நீ நல்லா மாத்தி எழுதிக் குடுத்துட்ட. படிக்கப் படிக்க, அவனே போயி படுத்தான்னுதான் எனக்கே தோணுது. இப்பல்லாம் நிம்மதியா இருக்கேன்."

என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அறுபத்தேழு வருடத்தில் அவர் என்னை அப்படித் தொட்டது ஞாபகம் இல்லை.

"உன்னையும் அதுலேர்ந்து எடுத்துட்ட பாரு, அதுதான் புத்தி. எனக்குக் கொட புடிச்சிக்கிட்டு நின்னது நீதானடா."

[அந்த நாள் எனக்கு முழுக்க மறந்துபோயிருந்தது. அடித்துவிட்டேன். பொய்.]

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாளும் மறந்ததில்லை. ரெத்தினத்திடம் தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அவர் வாயால் வந்துவிட்டால் நான் கேட்டு எழுதியவனாக மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன். 'உங்களுக்குத் தெரியாததுங்களா' என்று சிரித்துவிட்டு, குடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் கதையை முடித்தார். அந்த ஆளுக்கு என்மீது அவ்வளவு தாட்சண்யம்.

அப்பாவின் கைகளிலிருந்து என் கையை நான் உருவிக்கொள்ளவில்லை.

ஃபாஜில் நாளைக்குள் பக்கங்களை அனுப்பச் சொல்கிறார். ரெத்தினத்தின் அப்பாவை எழுத ரெத்தினம் சம்மதிக்கவேண்டும். என் அப்பாவை எழுத எனக்குத் துணிச்சல் வேண்டும், அது இல்லை. ஆனால் கரையில் நின்ற மூன்றாவது ஆளை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவனை மட்டுமாவது அத்தியாயத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அதை முடிக்க என்னிடம் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, எல்லாமே அழகானவை, எல்லாமே பொய். உண்மையில் எப்படி முடிந்தது என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். சின்னப் பையன்தானே என்று இரக்கப்பட்டு மட்டும் முடித்துவிடாதீர்கள்.

'மழை விடவில்லை. உடைப்பில் கிடந்த பையன் கரையைப் பார்த்து அழுதான். கரையில் அவன் வயதை ஒட்டிய இன்னொரு பையன் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கரையில் நின்றவன் தன் கையிலிருந்த குடையை